பாத்திரத்தில் மீந்தது

திருவிருந்துப் பாத்திரத்தை ஐயர் கையிலிருந்து வாங்கும்போதே உபதேசியார் அருமைநாயகத்துக்குத் தெரிந்துவிட்டது, இன்றைக்கும் திராட்சரசத்தைக் கூடுதலாகத்தான் ஊற்றியிருக்கிறார். நூற்றிருபது பேருக்கு ஊற்றுகிற அளவு. கோயிலில் அறுபது பேர்கூட இல்லை. பக்கத்து ஊரில் ஒரு கல்யாணம், பாதிச் சபை விடியவுமே வேன் ஏறிப் போயிருந்தது. மிச்சமிருக்கிற அறுபது பேரும் வரிசையாக முழங்கால் போட்டு, ஒரே விளிம்பில் ஒருவர் மாற்றி ஒருவர் வாய்வைத்து எடுத்த பிறகு அடியில் நிற்கப்போகிறதை நினைத்தபோது அவருக்கு நாக்கின் அடியில் நீர் ஊறியது. பசிக்கு ஊறுகிற நீர் இல்லை. வாந்திக்கு முன்னால் ஊறுமே, அது. மீந்ததைக் கீழே கொட்டக்கூடாது, போத்தலில் திரும்ப ஊற்றக்கூடாது, நாளைக்கென்று எடுத்துவைக்கக்கூடாது. பரிசுத்தப்படுத்தினது பீடத்தண்டையிலேயே குடித்துத் தீரவேண்டும். முறைப்படி அதைக் குடிக்கவேண்டியவர் குருவானவராகிய ஐயர். தர்மசீலன் ஐயருக்குச் சர்க்கரை. இந்தச் சேகரத்துச் சபைகளுக்கு மாறிவந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே, உதடு அசையாமல், "நீரே முடிச்சிரும் உபதேசியாரே, எனக்கு ஒரு மடக்குகூட ஆகாதுன்னுட்டான் டாக்டர்" என்று பாத்திரத்தை இந்தப் பக்கம் தள்ளிவிட்டார். அவருக்கு முந்தி இருந்தவருக்கு வயிற்றுப்புண். அதற்கும் முந்தினவர் காரணமே சொன்னதில்லை. ஆகப் பத்தொன்பது வருஷம், திருவிருந்து நடந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம், இந்தச் சபையின் வாயில் பட்டது அத்தனையும் அவருடைய வயிற்றுக்குள்தான் போயிருக்கிறது. இன்றோடு சரி. வெள்ளை அங்கிக்கு உள்ளே சட்டைப்பையில் நாலாக மடித்த கடிதம் இருந்தது. உடல்நிலை காரணமாக உபதேசியார் ஊழியத்திலிருந்து என்னை விடுவிக்கும்படி. வேறென்ன எழுதமுடியும்? அருவருப்பு காரணமாக என்றா? காலையில் சவரம் செய்யும்போது கண்ணாடியைப் பார்த்துத்தான் தீர்மானித்தார், ஜெபத்தில்கூட இல்லை. இன்றைக்குக் குமட்டாமல் குடிக்க முடிந்தால் கடிதத்தைக் கிழித்துப்போடுவது. குமட்டினால், ஆராதனை முடிந்து அங்கி கழற்றுகிற வெஸ்ட்ரி அறையில் வைத்து ஐயர் கையில் கொடுத்துவிடுவது. கர்த்தரே, ஒன்று நீர், இல்லை இந்தக் கடிதம்.

முதல் பந்தி ஆண்கள். கிராதிக்கு முன்னால் போட்ட நீள மெத்தையில் பதினான்கு பேர் முழங்காலில் நின்றார்கள், உள்ளங்கையை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு. ஐயர் அப்பத்தைப் போட்டுக்கொண்டே முன்னால் நகர, இவர் பாத்திரத்தோடு பின்னால் நகர்ந்தார். முதல் ஆள் எப்போதும் செயலர் பொன்னையா. மீசை. குனிந்து வாய்வைத்தால் உதட்டுக்கு முன்னால் மீசை போய் ரசத்தைத் தொடும், எடுத்தபிறகு நுனியில் ஒரு துளி நிற்கும், அதை நாக்கை நீட்டி உள்ளே இழுத்துக்கொள்வார். இந்த நாக்குதான் போன மாதம் கமிட்டியில், மகன் வேறு சாதியில் பெண் எடுத்தான் என்பதற்காக, செத்துப்போன ஒரு கிழவிக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்று சொன்னது. ஓரமாக ஒரு இடம் கேட்கலாமே என்று இவருக்கு நினைப்பு வந்தது, வாய் வரவில்லை. துடைத்தார். பாத்திரத்தின் விளிம்பைக் கால்வட்டம் திருப்பினார். அடுத்த வாய் தங்கக்கண்ணுடையது, வெற்றிலைக் காவி, முன்பல் இரண்டு இல்லை. அந்த இடைவெளி வழியாக உறிஞ்சும்போது ஒரு சத்தம் வரும், கன்றுக்குட்டி குடிக்கிற மாதிரி. துடைத்தார். கால்வட்டம். துடைத்தால் போய்விடுமா? வெள்ளைத் துணியில் ஏற்கெனவே ஊதாவும் காவியுமாக ஒரு படம் விழுந்திருந்தது. நாலு பேருக்கு ஒருமுறை பழைய விளிம்பே திரும்பி வந்துவிடும், பொன்னையாவின் மீசை ஐந்தாவது ஆளுக்கு, தங்கக்கண்ணின் பல்சந்து ஆறாவது ஆளுக்கு. போர்டிங்கில் படித்தபோது தண்ணீர் அண்டாவோடு ஒரு டம்ளரைச் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள். முந்நூறு பையன்களுக்கு ஒரு டம்ளர். ஐந்து வருஷம் அவர் அந்தச் சங்கிலியைத் தொட்டதில்லை, கிணற்றடியில் போய்க் கையை ஏந்திக் குடித்தார். அருவருப்பு ஒரு நோய் என்று அப்போது தெரியாது. சுத்தம் என்று நினைத்திருந்தார். வார்டன் எல்லாப் பையன்களுக்கும் முன்னால் நிறுத்தி, சுத்தமான பையன் என்று மெச்சக்கூடச் செய்தார். அது நோய் என்று தெரிந்தது இருபத்திரண்டு வயதில், கன்வென்ஷன் கூட்டத்து மணலில். பிரசங்கியார் என்ன பேசினார் என்பது இப்போது ஒரு சொல்கூட ஞாபகமில்லை. நெஞ்சுக்குள் ஏதோ ஒரு கதவு, திறந்தது என்றுகூடச் சொல்லமுடியாது, கதவே அங்கே இல்லாமல் போயிற்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒரு வயசாளி, ஜலதோஷக்காரர், அழுது அழுது இவர் தோளில் சாய்ந்து மூக்கைச் சட்டையிலேயே துடைத்தார். அந்த ஈரம் தோளில் சுட்டது, இவருக்கு ஒன்றும் செய்யவில்லை. அந்த மனிதரை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பத்து நிமிஷம் இருக்குமா? அவ்வளவுதான். எழுந்து மணலைத் தட்டும்போது தோள் பிசுபிசுத்தது, அந்தச் சட்டையை அன்றைக்கே வாய்க்காலில் விட்டுவிட்டார். ஆனால் அந்தப் பத்து நிமிஷம் உண்மை. அதுதான் அன்பு, மற்றதெல்லாம் அன்பைப் பற்றிய பேச்சு. அது திரும்ப வரும் என்று நம்பித்தான் மின்வாரியத்தில் கிடைத்த வேலையை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு ஊழியத்துக்கு வந்தார். முப்பத்தொரு வருஷம் ஆகிறது. பஸ் வராத நிறுத்தத்தில் நிற்கிறவனுக்குக் கொஞ்ச நேரத்துக்குப் பிறகு பஸ்ஸைப் பற்றி நினைப்பு இருக்காது, காலைப் பற்றித்தான் இருக்கும்.

இரண்டாவது பந்தியும் ஆண்கள்தான், பாதி மெத்தை காலி. மூன்றாவது பந்தியிலிருந்து பெண்கள். முக்காட்டுக்குள்ளிருந்து வாய்கள் மட்டும் வெளியே வந்தன. லில்லிபுஷ்பம் டீச்சர் உதட்டை மடித்துப் பல்லால் விளிம்பைக் கடிப்பார், உலோகத்தில் பல் உரசுகிற சத்தம் இவருடைய முழங்கால்வரை இறங்கும். அவர் இவரை அண்ணாந்து பார்த்து ஒரு பக்திச் சிரிப்பு சிரித்தார். அந்தச் சிரிப்பு எதற்கென்று இவருக்குத் தெரியும். போன வருஷம் டீச்சர் டைபாய்டில் கிடந்தபோது இவர் ஜெபிக்கப் போனார். அறையில் ஒரு வாடை. மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் ஜெபித்தார், அதனால் சின்னச் சின்ன வாக்கியமாக வந்தது. கையைத் தலையில் வைக்கவில்லை, ஒரு அங்குலம் மேலே நிறுத்தியிருந்தார், எண்ணெய்ப்பிசுக்கு ஏறிய அந்தத் தலைமயிர் உள்ளங்கையில் பட்டுவிடக்கூடாதே என்ற பயத்தில் கை நடுங்கியது. காய்ச்சல் இறங்கிவிட்டது. டீச்சர் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்: "உபதேசியாரு கையே படாது, தலைக்கு மேல சும்மாதான் புடிப்பாரு, சூடு அப்பிடியே இறங்கும் பாத்துக்கோங்க. கை என்னமா நடுங்கும்ங்கிய!" அதற்குப் பிறகு வீட்டுக்கு வீடு அழைப்பு. பிள்ளைகளைக் கொண்டுவந்து குனியவைக்கிறார்கள், "தொட்டுராதீங்க, அப்பிடியே புடிங்க" என்று அவர்களே சொல்லுகிறார்கள். அருவருப்பை வரம் என்று நினைத்துக் கும்பிடுகிற ஜனம். அவர் ஒருநாளும் மறுத்துச் சொல்லவில்லை. அவர்கள் வாயைவிடத் தன் வாய்தான் மோசம் என்று அப்போதெல்லாம் தோன்றும், ஞாயிறுபள்ளியில் அன்பு நீடிய சாந்தமுள்ளது என்று பிள்ளைகளுக்கு மனப்பாடம் சொல்லித்தருகிற வாய். துடைத்தார். கால்வட்டம். பாத்திரம் இன்னும் கனத்தது. கடைசிப் பந்தியின் கடைசி ஆள் மேபல். உபதேசியார் பெண்சாதி கடைசியில் வருவதுதான் வழக்கம். முக்காட்டை இடது கன்னத்தின் மேல் இழுத்துவிட்டிருந்தாள். அவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை, அவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, விளிம்பைத்தான் பார்த்தார். தலையை வலதுபுறமாகச் சாய்த்து, வாயின் ஒரு ஓரத்தால், பறவை குடிப்பதுபோல ஒரு துளி எடுத்தாள். இதென்ன புதுக்கோலம் என்று எரிச்சல் வந்தது. ஒரு மாதமாக எல்லாம் புதுக்கோலமாகத்தான் இருக்கிறது. என்னத்தையோ வாயில் அதக்கிக்கொண்டு திரிகிறாள், பேச்சு குழறுகிறது, படுக்கையில் திரும்பினால் கறிமசாலா வாடை அடிக்கிறது. அது தாளாமல், முதுகுவலி, பெஞ்சுதான் சரி என்று சொல்லி முன்னறைக்கு மாறிவிட்டார். அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவள் எப்போதுதான் கேட்டாள்? கல்யாணமான புதிதில், பத்துப் பதினைந்து நாள் இருக்கும், அவர் பாதி குடித்துவைத்த காப்பியை எடுத்துச் சிரித்துக்கொண்டே ஒரு வாய் குடித்துவிட்டுத் திரும்ப நீட்டினாள். அவர் அதை வாங்கிக் கீழே வைத்தார். ஆறிப்போச்சு என்றார். ஆவி பறந்துகொண்டிருந்தது. அவள் அந்த ஆவியைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். மறுநாள் அவருக்கென்று தனியாக ஒரு டம்ளர், அடியில் ஆணியால் சிலுவை கீறிய டம்ளர், அடுப்பு மேடையில் இருந்தது. இருபத்தேழு வருஷமாக அந்த டம்ளரில்தான் குடிக்கிறார். யார் கீறினது என்று அவர் கேட்டதில்லை.

பந்தி முடிந்தது. சபை பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தது. ஐயர் அப்பத்தட்டை மூடிவிட்டு, பாத்திரத்துக்குள் எட்டிப்பார்த்து, "கொஞ்சம் கூடிப்போச்சோ?" என்றார். "பாதி இருக்கு ஐயரே." "மடமடன்னு விட்டிரும். கல்யாண வீட்டுல ஒரு மணிக்குப் பந்தி போட்டிருவான்." அருமைநாயகம் சபைக்கு முதுகைக் காட்டித் திரும்பி பீடத்தைப் பார்த்து நின்றார். கண்ணை மூடக்கூடாது என்று நினைத்தார், மூடினால் எல்லா வாயும் வரும். மூடாமலே வந்தது. ஓரத்தில் அப்பத்துணுக்கு ஒன்று ஊறிப்போய் மிதந்தது. மேலே ஏதோ எண்ணெய்ப்படலம் போல வெளிச்சத்தில் நிறம் காட்டியது. முதல் மடக்கு வெதுவெதுப்பாக இருந்தது, கைச்சூடும் வாய்ச்சூடும் ஏறிய வெதுவெதுப்பு. கர்த்தரே. இரண்டாவது மடக்கில் வயிறு கீழிருந்து ஒரு உந்து உந்தியது. தெரிந்துபோயிற்று. குமட்டிவிட்டது. பதில் வந்துவிட்டது, இனிக் கடிதத்தைக் கொடுத்துவிடலாம் என்று ஒரு நிம்மதிகூடத் தட்டுப்பட்டது, பல் பிடுங்கப் போய் உட்கார்ந்தவனுக்கு வருமே அந்தமாதிரி. மூன்றாவது மடக்குக்கு விளிம்பைத் திருப்பி வாய்வைத்தபோது நாக்கு சுரீரென்றது. காரம். ஒரு கைப்பு. பின்னாலேயே அந்த வாடை, ஒரு மாதமாக அவரைப் படுக்கையிலிருந்து துரத்திய வாடை, மூக்கின் உள்ளிருந்து ஏறியது. கறிமசாலா இல்லை. கிராம்புத் தைலம். அவருக்கு நாக்கின் நுனி மரத்துப்போயிற்று. தைலத்தைச் சும்மா யார் வாயில் வைப்பார்கள்? பாத்திரத்தை வாயில் வைத்தபடியே நின்றார். மேபல் சோற்றைக் குழையவிட்டு வைத்தது. முறுக்கு வேண்டாமென்றது. ரொட்டியை டீயில் ஊறப்போட்டுக் காத்திருந்தது. பாட்டு வேளையில் உதட்டை மட்டும் அசைத்தது. நேற்று மகள் போனில் கூப்பிட்டபோது, சரி, சரி, என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டு அவர் கையில் போனைக் கொடுத்தது. கொடுத்த கையில் முந்தானை நுனி ஈரமாக இருந்தது, அதை வைத்துக் கன்னத்தை ஒத்தியிருக்கிறாள், அவர் போனின் ஈரத்தைத் துடைத்துவிட்டுத்தான் காதில் வைத்தார். எல்லாம் அவர் கண்ணுக்கு முன்னாலேதான் நடந்திருந்தது. அவர் பார்த்துக்கொண்டும் இருந்திருந்தார். அறுபது வாயிலும் அந்த ஒரு வாய்தான் இப்போது பாத்திரத்தில் இருந்தது, மீசையும் காவியும் பல்சத்தமும் எங்கோ போய்விட்டன. குமட்டல் நிற்கவில்லை. கூடினதுபோலத்தான் இருந்தது. கடைசிச் சொட்டுவரை குடித்தார், ஐயர் ஊற்றிய தண்ணீரைப் பாத்திரத்தில் சுழற்றி அதையும் குடித்தார், ஆமென் சொல்லவேண்டிய இடத்தில் நாக்கு புரளாமல் ஆமென் குழறியது.

வெஸ்ட்ரியில் ஐயர் அங்கியைத் தலைவழியாக உருவிக்கொண்டே மொய்க்கவரைத் தேடினார். அருமைநாயகம் சட்டைப்பையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். கடிதம் வியர்வையில் நமுத்திருந்தது. "என்னவே, ஒரு மாரி நிக்கீரு?" "ஐயரே, ஒரு காரியம்." "சொல்லும்." வாய்க்குள் காரம் இன்னும் எரிந்தது. பொன்னையா சாவிக்கொத்தோடு வந்து வாசலில் நின்றார், மீசையில் ஒன்றும் இல்லை, துடைத்திருந்தார். "வாயக் கொப்பளிச்சிட்டு வந்திருதேன்" என்று அருமைநாயகம் சொல்லிவிட்டார், பத்தொன்பது வருஷத்தில் ஒருநாளும் வெளியே சொன்னதில்லை. ஐயர் காதில் அது விழவில்லை. இவர் தன் பையிலிருந்து உப்புத்தண்ணீர் போத்தலை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக இறங்கினார். வெஸ்ட்ரிக்குப் பின்னால், சுவருக்கும் வேலிக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கிற இடம், ஒரு மருதாணிச்செடி. அங்கேதான் கொப்பளிப்பார். இன்றைக்கு அந்த இடத்தில் ஆள் இருந்தது. மேபல் முக்காட்டை விலக்கிவிட்டு, கைப்பை ஒரு தோளில் தொங்க, ஒரு கையில் சின்னக் குப்பியும் மறுகையில் பஞ்சுமாக நின்றாள். இடது தாடை வீங்கி முகமே கோணியிருந்தது. இரண்டு பேரும் திருடப் போன இடத்தில் சந்தித்துக்கொண்டவர்கள் மாதிரி நின்றார்கள்.

"நீங்க வார நேரம்லா. நான் போயிருதேன்" என்றாள்.

"நான் இங்க வாரது உனக்குத் தெரியுமா?"

"போத்தல்ல உப்பு காணாதுன்னா யாரு போட்டு வைக்கா? தேவதூதனா?"

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இதப் போயிச் சொல்லுததுக்கு என்ன இருக்கு? உங்களுக்கு அருவருப்பு. சிலருக்குப் பாம்புன்னா பயம்."

அவர் போத்தலின் மூடியைத் திறந்தார், திரும்ப மூடினார். "பல்லா?"

"கடவாப்பல்லு. ஒரு மாசமாச்சு."

"சொல்லலியே."

"சொன்னா வாயத் திறந்து காட்டணும்லா" என்றாள். சிரிக்க முயன்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். "நீங்கதான் முன்னறைக்குப் போயிட்டீங்களே. சரி, வாடை உங்களுக்கு ஆகலன்னு விட்டுட்டேன்."

வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள், அது பிடிக்கவில்லை. ஐயர் உள்ளிருந்து, "உபதேசியாரே, என்னமோ சொல்ல வந்தீரே" என்றார்.

"காட்டு" என்றார் அருமைநாயகம்.

"என்னத்த?"

"வாயத் திற. காட்டு."

"சும்மா போங்க. கோயில் வளவுல வச்சு."

"திற மேபல்."

அவள் அவரைப் பார்த்தாள், ஆவி பறந்த காப்பிக்கு மேலாக ஒருமுறை பார்த்தாளே, அதே பார்வை. பிறகு இரண்டு விரலை உள்ளே விட்டு, ஊறிப்போன பஞ்சை வெளியே எடுத்தாள். காவிநிறமும் ரத்தமும் எச்சிலும் நூலாக இழுபட்டது. போட இடம் தேடி அங்கும் இங்கும் பார்த்தாள், கோயில் மண்ணில் போட அவளுக்கு மனம் வரவில்லை. அவர் சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து விரித்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார். "எழுதின பேப்பரு மாரி இருக்கே" என்றாள். "போடு" என்றார். அவள் போட்டாள். ஈரம் தாளைத் தாண்டி அவர் கையில் இறங்கியது, சுட்டது. தாளை மடக்கி அந்தக் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். மறுகை அவளுடைய முகத்துக்கு முன்னால் போய், வழக்கம்போல ஒரு அங்குலத்தில் நின்று நடுங்கியது. பிறகு தாடையைப் பிடித்தது. கொதித்தது தாடை. வெளிச்சத்துக்குத் திருப்பினார். அவள் வாயைத் திறந்தாள். கருத்த பல், அதைச் சுற்றிச் சிவந்து பொங்கிய ஈறு, வெள்ளையாக ஒரு கோடு, உள்ளே இருட்டு. கிராம்பும் சீழும் கலந்த காற்று அவர் முகத்தில் அடித்தது. நாக்கின் அடியில் நீர் ஊறியது. அதை விழுங்கினார்.

"போதுமா?" என்றாள், வாயை மூடாமலே.

"இன்னும் கொஞ்சம் திற" என்றார்.